தண்ணீர் கொடுத்துக் கழுத்தைப் பார்ப்பவள்

வாசல் மணியை அடித்தவர் யாராக இருந்தாலும் ஊசியக்கா முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிடுவாள். கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவருக்கும் தண்ணீர், மீட்டர் பார்க்க வந்தவருக்கும் தண்ணீர், வீடு தெரியாமல் மணி அடித்தவருக்கும் தண்ணீர். குடிப்பவர்கள், 'அடடா, என்ன உபசாரம்!' என்று நினைத்துக்கொள்வார்கள். உபசாரமும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் அவர்கள் அண்ணாந்து ஒரு மடக்கு விழுங்கும்போது அவள் கண் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுக்கழுத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அங்கே ஏதாவது உருண்டு ஏறி இறங்குகிறதா, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் புடைத்திருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான், "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்பாள்.

ஒருமுறை பார்சல் கொடுக்க வந்த பெண்ணுக்கு மூன்று டம்ளர் கொடுத்தாள். "இன்னொரு மடக்கு குடிம்மா, வெயில்ல வந்திருக்கே" என்று நான்காவதையும் நீட்டி, அவள் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே, "உனக்குக் குளிர் தாங்குதா? வயிறு ஒழுங்கா போகுதா?" என்று கேட்டுவிட்டாள். பார்சல் பெண் கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கி ஓடினாள். ஓடினவள் பத்தாம் நாள் ஊசியக்கா வேலை பார்க்கிற லேபில், அவள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒரு வருஷமா குளிர் தாங்கலைதான்க்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "கழுத்து சொல்லுச்சு" என்றாள் ஊசியக்கா.

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்த லேப். உடம்புக்குள் சுரக்கிற ஹார்மோன்களை அளந்து சொல்கிற இடம். இருபத்திரண்டு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கிறாள். வந்தவர்களெல்லாம் அக்கா என்று கூப்பிட, ஊசி தானாக வந்து முன்னால் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாமென்று இருபத்தைந்தில் சொன்னாள்; சொன்னது சொன்னதுதான். தம்பி வீட்டில், தம்பி, தம்பி மனைவி, ஐந்து மாதக் குழந்தை ஆகியோரோடு இருக்கிறாள். தம்பி தொலைதூர பஸ் ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தம்பி மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஊசியக்கா அவளை 'டீச்சர்' என்றே கூப்பிடுவாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது என்பது குரலைப் பொறுத்தது.

கை ராசிக்காரி. நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள். இரண்டு விரலை முழங்கை மடிப்பில் வைத்துவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள். "கண்ணால தேடறவங்க கத்துக்குட்டி. நரம்பு வெட்கப்படும், பாத்தா உள்ள போயிடும்" என்பாள். பேச்சு முடிவதற்குள் ஊசி ஏறி, இறங்கி, பஞ்சும் ஒட்டியிருக்கும். "எப்போ குத்தப் போறீங்க?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் நேர விஷயத்தில் அவளிடம் எந்தக் கெஞ்சலும் எடுபடாது. சில ரத்தம் காலை எட்டு மணிக்கே எடுக்க வேண்டும். எட்டரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு மேலாளர், "அரை மணிதானே, என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார். "சார், சிறுநீரகம் ரெண்டுக்கும் மேல தொப்பி போட்ட மாதிரி ஆளுக்கொரு சுரப்பி உக்காந்திருக்கு. நீங்க கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே அது எழுந்து, உங்களை எழுப்பறதுக்கு வேண்டியதைச் சுரந்து அனுப்பும். காலைல உச்சத்துல இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். இதுல நீங்க படியேறி வேற ஓடி வந்திருக்கீங்க. இப்போ எடுத்தா உங்க வியாதி தெரியாது, உங்க ஓட்டம்தான் தெரியும். நாளைக்கு வாங்க." அவர் அவளை முறைத்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுநாள் ஏழே முக்காலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

லேபின் மூலையில் கைப்பிடி தேய்ந்த நாற்காலி ஒன்று உண்டு. அதற்கு ஊசியக்கா வைத்த பெயர் ஆறுதல் நாற்காலி. தாய்ப்பாலைச் சுரக்க வைக்கிற ஹார்மோனை அளக்க வேண்டுமென்றால் ஊசியைக் கண்டு பயந்த ரத்தம் ஆகாது. பயத்திலேயே அது ஏறிவிடுமாம். அதனால் வந்தவர்களை அந்த நாற்காலியில் இருபது நிமிஷம் சும்மா உட்கார வைப்பாள். போன் பார்க்கக் கூடாது, புருஷனோடு பேசவும் கூடாது. "அவர் வெளியில நிக்கட்டும்மா. அவரைப் பாத்தாலே ஏறுது உனக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

உடம்பை அவள் ஒரு குடும்பமாகத்தான் பார்க்கிறாள். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் சொல்வார்கள். அவளுக்கு அது 'பெரிய வீட்டம்மா'. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது, எல்லாரையும் வேலை வாங்கும். கழுத்தில் இருக்கிற தைராய்டு அந்த வீட்டுச் சமையற்காரி. உடம்பின் அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் கை. "சமையற்காரி தூங்கினா பெரிய வீட்டம்மா கத்து கத்துன்னு கத்தும். ரிப்போர்ட்ல அந்தக் கத்தல் பெரிய நம்பரா தெரியும். சமையற்காரி தலைகால் தெரியாம தீயை ஏத்தினா, பெரிய வீட்டம்மா வாயே திறக்காது. நம்பர் அடிமட்டத்துல கிடக்கும். அவ்வளவுதாம்மா. இதைப் போயி ஏன் இவ்ளோ கஷ்டமா சொல்றாங்க?" இப்படி அவள் சொல்லிக் கேட்டவர்கள் டாக்டரிடம் போய், "பெரிய வீட்டம்மா கத்துதா டாக்டர்?" என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்ததும் உண்டு.

தம்பிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. பஸ் நிற்கிற இடமெல்லாம் பிஸ்கட் தின்கிறவன். சட்டைப்பையை உதறி, அதில் விழும் தூளை வைத்தே எந்த ஊரில் என்ன தின்றான் என்று சொல்லிவிடுவாள். "வயித்துக்குள்ள ஒருத்தன் சாவிக்கொத்தோட நிக்கறான். நீ தின்ன சர்க்கரைக்கு வீடு வீடா கதவைத் திறந்து விடறது அவன் வேலை. நேரம் காலம் இல்லாம தின்னா அவனும் எத்தனை கதவைத்தான் திறப்பான்? ஒரு நாள் சாவியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிடுவான்." தம்பி சிரிப்பான். "அவன் போனா ஊசி போட நீ இருக்கியேக்கா." இந்தப் பதிலுக்கு மட்டும் அவளிடம் மறுபதில் கிடையாது.

ஏனென்றால் சொந்தக்காரர்களுக்கு அவள் ஊசி போடமாட்டாள். தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்தபோது, அப்போதுதான் தொழில் பழகிய ஜோரில் அவன் கையில் குத்தப் போனாள். விரல்கள் தந்தி அடித்தன. மூன்று குத்து குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. தம்பி அழுததைவிட அவள் அழுததுதான் அதிகம். "அந்தத் தொப்பிச் சுரப்பிக்குச் சொந்த பந்தம் தெரியும். நம்ம ஆளுன்னா உடனே மருந்தை இறைச்சு நெஞ்சை அடிக்க விடும், கையை ஆட விடும்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். அன்றோடு சரி. அம்மாவுக்கே கடைசிவரை வேறொருவர்தான் எடுத்தார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லாவிட்டால் அவள் முழுமையாகமாட்டாள். ஊசியை எடுக்கும் முன் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பாள். "முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" வழுக்கைத் தலையரிடமும் கேட்பாள். "இருக்கற அழகுல இது வேறயா?" என்று அவர் சிரித்தாலும் பதில் வாங்காமல் விடமாட்டாள். காரணம் இருக்கிறது. முடி வளர்வதற்கு விற்கிற சத்து மாத்திரையில் பயோட்டின் என்று ஒன்று உண்டு. ரத்தத்தில் இருக்கிற ஹார்மோனைப் பிடிக்க லேப் மெஷின் வைத்திருக்கும் பசையில் இதுவும் போய் ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஏமாந்து, இருப்பதை இல்லையென்றும் இல்லாததை இருக்கிறதென்றும் அச்சடித்துக் கொடுக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பெண் இந்த மாத்திரையால் வந்த தப்பு ரிப்போர்ட்டை நம்பி ஆறு வாரம் வேண்டாத மருந்து தின்றாள். அதற்குப் பிறகு ஊசியக்கா அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தாள் மஞ்சளாகிவிட்டது. கேள்வி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று கேட்டால், டீச்சர் தண்ணீர் குடிக்கிற விதத்தைப் பார்த்தால் போதும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணி, நான் தண்ணி குடிக்கறதை ஏன் இப்படிக் கண்கொட்டாம பாக்கறீங்க? திருடியா குடிக்கறேன்?" "பழக்கதோஷம்மா" என்றாள் ஊசியக்கா. "பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தா நானும் உங்க கையெழுத்தைத் திருத்தறேனா?" என்றாள் டீச்சர். அன்றிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் தண்ணீர் குடிப்பாள். ஊசியக்காவும் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே அடுப்படியில் இரண்டு கெட்டிக்காரிகள் இருந்தால் பாத்திரம் கொஞ்சம் உரசத்தான் செய்யும்.

குழந்தை பிறந்த பிறகு அந்த உரசல் குறைந்திருந்தது. பொடிசு என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிற அந்தப் பெண் குழந்தை அடுத்த அறையில் சிணுங்கினாலே போதும், இங்கே உட்கார்ந்திருக்கும் டீச்சரின் சட்டை நனைந்துவிடும். ஊசியக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். "பாத்தியா? காது கேக்குது, பெரிய வீட்டம்மா உத்தரவு போடுது, பால் வருது. நீ வேணும்னாலும் வரும், வேண்டாம்னாலும் வரும். நம்ம கையில எதுவும் இல்ல டீச்சர்." "உங்க பாடம் அப்புறம் அண்ணி, துண்டை எடுங்க" என்பாள் டீச்சர்.

மூன்றாம் மாதம் டீச்சருக்கு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் கொத்துக்கொத்தாக வந்தது. ஒரு நாள் அவள் குளியலறையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "பிள்ளை பெத்தா கொட்டத்தான் செய்யும், தானா வளரும்" என்று சொன்னது ஊசியக்காதான். ஆனால் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல், லேபுக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில் ஒரு பச்சை டப்பா மாத்திரை வாங்கி வந்து, "தினம் ஒண்ணு போடு. மனசுக்காவது ஆறுதலா இருக்கும்" என்று கொடுத்தவளும் அவள்தான். கொடுத்ததோடு சரி, மறந்தும் போனாள். தின்றவள் மறக்கவில்லை, அண்ணி கொடுத்ததாயிற்றே என்று ஒரு நாள் விடாமல் தின்றாள்.

ஐந்தாம் மாதம் டீச்சர் இளைத்துப் போனாள். படியேறினால் நெஞ்சு படபடத்தது. டாக்டரிடம் போனார்கள், அவர் தைராய்டு பார்க்கச் சொன்னார். சொந்தக்காரி என்பதால் ஊசியக்கா ஒதுங்கிக்கொண்டாள். ரத்தம் எடுத்தது கண்ணாடி. லேபில் மெஷின் ஓட்டுகிற இளைஞனுக்கு, தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். தங்கமான பையன். ஊசியக்கா பழக்கியபடி எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன்.

ரிப்போர்ட் வந்தது. பெரிய வீட்டம்மா வாயே திறக்கவில்லை. சமையற்காரி தீயை உச்சத்தில் வைத்திருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றாள் டீச்சர். முடிக்குத் தின்கிற சத்து மாத்திரையை யார் மருந்து என்று நினைப்பார்கள்? "அடுத்த வாரம் கழுத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும். அதுக்குக் கதிர்வீச்சு மருந்து கொடுப்பாங்க. கொடுத்தா தாய்ப்பால் நிறுத்த வேண்டியிருக்கும். இப்பவே குழந்தையைப் பாட்டிலுக்குப் பழக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீடு தலைகீழாயிற்று. பொடிசு பாட்டிலைத் தொடமாட்டேன் என்றது. ரப்பரை நாக்கால் தள்ளியது. முகம் சிவக்க வீறிட்டது. அது வீறிடும்போதெல்லாம் அடுத்த அறையில் டீச்சருக்குப் பால் கட்டி வலித்தது. "அது அழுவறது எனக்குக் கேக்கக் கூடாது, அண்ணி. கதவைச் சாத்துங்க" என்று காதைப் பொத்திக்கொள்வாள். கதவைச் சாத்தினாலும் சட்டை நனைந்தது. ஊசியக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். இத்தனை நாள் ஆனந்தமாகப் பார்த்த அதே வித்தையை இப்போது பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை லேபில் நல்ல கூட்டம். ஊசியக்காவின் நாற்காலிக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்தாள். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியபடியே, "முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறியாம்மா?" என்று வாய் தன்பாட்டுக்குக் கேட்டது. "ஆமாக்கா, இதுதான்" என்று அந்தப் பெண் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள்.

பச்சை டப்பா.

ஊசியக்கா அதைப் பார்த்தாள். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, கழுநீர்ப் பானையில விழுந்துட்டுதே!" என்றாள் உரக்க. பிறகு எழுந்து நேராகக் கண்ணாடியிடம் போனாள்.

"எங்க டீச்சருக்கு எடுத்தியே, அன்னைக்குக் கேட்டியா?"

"எதை அக்கா?"

"சுவத்துல தொங்குதே, அதை!"

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா வீட்டு ஆளைப் போயி நான் அதைக் கேக்கறதா? நீங்க கேட்டிருக்க மாட்டீங்களா? கேட்டா, என் வீட்டையே சந்தேகப்படறியான்னு திட்டுவீங்கன்னு..."

திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவன் சொன்னது நியாயம். கேட்டிருந்தால் திட்டித்தான் இருப்பாள். "அக்கா! கை மரத்துப்போச்சு!" என்று பின்னாலிருந்து கல்லூரிப் பெண் கத்தினாள். கட்டிய ரப்பர் கட்டியபடியே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ரப்பரை அவிழ்க்காமல் எழுந்தது அன்று ஒரு நாள்தான்.

வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. 'டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டு, இன்னொரு தரம் ரத்தம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்றது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. தொப்பிச் சுரப்பி அதன் வேலையைக் காட்டியது. ஊருக்கே விளக்கம் சொன்னவளுக்குத் தன் நெஞ்சின் ஓட்டத்தை நிறுத்த வழி தெரியவில்லை.

வீட்டில் பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது. டீச்சர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பொடிசு அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்தப் பச்சை டப்பா மாத்திரை இன்னும் போடறியா?"

"போடறேனே. ஏன் அண்ணி?"

ஊசியக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். பசையை, மெஷின் ஏமாறுவதை, கல்யாணப் பெண்ணை, சுவர்த்தாளை, எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். "வாங்கிக் குடுத்தது நான். கேக்க மறந்ததும் நான். அந்த ரிப்போர்ட் பொய்யா இருக்கலாம். நிஜமாவும் இருக்கலாம், அதையும் சொல்லிடறேன். மாத்திரையை நிறுத்தி ஏழு நாள் கழிச்சுப் பாத்தாதான் தெரியும்."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். 

"நாலு நாளு, அண்ணி. நாலு நாளா எம்புள்ளை கத்தக் கத்த நான் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"ஆமா."

"வழியில போற ஆளையெல்லாம் நிறுத்தித் தண்ணி குடுத்துப் பாக்கறீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"உங்கிட்ட கேட்டா உனக்குப் பிடிக்காதேன்னு..." என்று ஆரம்பித்தவள், பாதியில் தலையை ஆட்டினாள். "இல்ல. அது சால்ஜாப்பு. தோணலை. நம்ம வீடுதானே, நம்ம வீட்டுல என்ன தப்பு நடக்கும்னு ஒரு திமிரு."

டீச்சர் பொடிசை எடுத்து மடியில் போட்டாள். மூன்றாவது மடக்கில் விக்கல் நின்றது. அப்புறம் குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஊசியக்கா எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவின பாட்டிலையே மூன்று தரம் கழுவினாள்.

மறுநாள் டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். "என் தப்புதான் டாக்டர், எழுதி வேணும்னாலும் தரேன்." அவர் நெற்றியைத் தடவினார். "மருந்து உண்டான்னு கேட்டேன். சத்து மாத்திரை உண்டான்னு நானும் கேக்கலையே" என்றார். ஏழு நாள் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம், அதுவரை குழந்தை குடிக்கட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிவைத்தார்.

அந்த ஏழு நாளும் ஊசியக்கா யாருக்கும் தண்ணீர் நீட்டவில்லை. மீட்டர்காரர் தாகத்தோடு திரும்பிப் போனார். தம்பியின் சட்டைப்பையைக்கூட அவள் உதறவில்லை. "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவன் பயந்து, தானாகவே பிஸ்கட்டை நிறுத்தினான்.

எட்டாம் நாள் காலையில் டீச்சர் குழந்தையோடு லேபுக்கு வந்தாள். கண்ணாடி பவ்யமாக எழுந்து நின்று தன் நாற்காலியைக் காட்டினான். டீச்சர் அங்கே போகவில்லை. நேரே ஊசியக்காவின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"நீங்க எடுங்க."

"சொந்தத்துக்கு நான் எடுக்கமாட்டேன், உனக்குத் தெரியும்ல? கை ஆடும்."

"ஆடட்டும். வேற யார் எடுத்தாலும் அக்கா வீட்டு ஆளுன்னு கேள்வி கேக்கமாட்டாங்க."

ஊசியக்கா தன் விரல்களைப் பார்த்தாள். நிஜமாகவே ஆடின. எழுந்து மூலைக்குப் போய், ஆறுதல் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். இருபது நிமிஷம். வரிசையில் இருந்தவர்கள் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் முனகவில்லை. இருபதாவது நிமிஷம் எழுந்து வந்து, கையைக் கழுவித் துடைத்து, டீச்சரின் முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில், அதே மரியாதையோடு கேட்டாள்:

"முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சாப்பிட்டேன். எங்க நாத்தனார் வாங்கிக் குடுத்தாங்க" என்றாள் டீச்சர். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நிறுத்தி ஏழு நாளாச்சு."

"நாத்தனார் குடுத்தா கண்ணை மூடிட்டுத் தின்னுடறதா?"

"என்ன செய்யறது, நல்லவங்க. கொஞ்சம் திமிரு, அவ்வளவுதான். எப்போ குத்தப் போறீங்க?"

பஞ்சு ஏற்கனவே ஒட்டியிருந்தது.

சாயங்காலம் கண்ணாடி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே ஓடிவந்தான். போனில் சொல்லியிருக்கலாம், அவனுக்குப் பொறுக்கவில்லை. "பெரிய வீட்டம்மா சாதாரணமா பேசுது, அக்கா! சமையற்காரி தீயும் சரியா இருக்கு!" கழுத்தில் ஒன்றுமில்லை, ஸ்கேனும் வேண்டாம். ரத்தம் கொஞ்சம் குறைவு, தூக்கம் ரொம்பக் குறைவு என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்தப் படபடப்புக்கும் இளைத்துப் போனதற்கும் அதுவே போதுமாம். போகும்போது கண்ணாடி தயங்கித் தயங்கி, சுவர்த்தாளில் தானாக ஒரு வரி சேர்த்துவிட்டதாகச் சொன்னான்: 'அக்கா வீட்டு ஆட்களையும் கேட்கவும்.' "எழுத்து பெருசா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் ஊசியக்கா. இருக்கிறது என்றான்.

அவன் போன பிறகு அவள் கூடத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு நாள் அசதி ஒரேயடியாக இறங்கியது. யாரோ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தாள். டீச்சர் இடுப்பில் பொடிசோடு நின்று, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஊசியக்கா வாங்கி அண்ணாந்து குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்கப் போனாள்.

"இன்னொரு மடக்கு குடிங்க, அண்ணி" என்றாள் டீச்சர். அவள் கண் ஊசியக்காவின் நடுக்கழுத்தில் நின்றது.